திப்பு சுல்தானின் இரும்புக் குழாய்

திப்பு சுல்தான் என்றதும் நமது பிள்ளைகளுக்கு வாளும் புலியும்தான் நினைவுக்கு வருகின்றன. வகுப்பில் நான் அவரை ஓர் இரும்புக் குழாயைக் கொண்டே அறிமுகப்படுத்துகிறேன்.

தேவனஹள்ளியில் பிறந்த திப்பு, தந்தை ஹைதர் அலியோடு இளவயதிலேயே போர்க்களம் கண்டவர். அக்காலத்தில் ராக்கெட் புதிய பொருளல்ல. ஆனால் மூங்கிலிலும் கடதாசியிலும் செய்த குழாய்கள் அதிக அழுத்தத்தைத் தாங்காமல் வெடித்துவிடும். மைசூர்க் கைவினைஞர்கள் இரும்பில் குழாய் செய்தனர். அழுத்தம் கூடியது, உந்துவிசையும் கூடியது, ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலும் அது பாய்ந்தது. 1780இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஆங்கிலேயப் படை தோற்றதில் அந்த ராக்கெட்டுகளுக்கும் பங்குண்டு. 1782இல் தந்தை மறைந்தபின் ஆட்சிக்கு வந்த திப்பு, ராக்கெட் வீரர்களின் தொகையைப் பெருக்கினார்.

1799 மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் அவர் ஷஹீதானார். கைப்பற்றப்பட்ட ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. வில்லியம் கொங்கிரீவ் அவற்றை முன்மாதிரியாகக் கொண்டு பல தடவை பரிசோதித்து, 1805இல் தனது ராக்கெட்டைச் செய்து காட்டினார். நாம் பெருமை பேசுகிறோம். அவர் அளந்து பார்த்தார்.

யாழ்ப்பாணத்தில் ராக்கெட்டைப் பற்றிப் பேசுவது இலகுவல்ல. ஷெல் சத்தத்தில் வளர்ந்து, 1990இல் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட தலைமுறை நாங்கள். ஆயுதத்தைப் புகழ எனக்கு மனமில்லை. பழைய குழாயில் என்ன குறை இருந்தது, ஏன் இரும்பைத் தேர்ந்தார்கள் என்பதைத்தான் மாணவர்களிடம் கேட்கிறேன். நல்ல வடிவமைப்பு அந்தக் கேள்வியிலிருந்தே பிறக்கிறது.

அந்தக் கேள்வி எங்கே கொண்டுபோகும் என்பதற்கு நமது அயலிலேயே சான்று உண்டு. கடலுக்கு அப்பால் ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம், 1960களில் நாசாவின் வொலொப்ஸ் தளத்தில் திப்புவின் ராக்கெட் படையைக் காட்டும் ஓவியத்தைக் கண்டதாகத் தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பின்னாளில் அவரே, ஏவுகணைக்கென உருவாக்கிய பாரமற்ற பொருளைக் கொண்டு நடக்க இயலாத சிறுவர்களுக்குக் கால் தாங்கிகள் செய்வித்தார். 3 கிலோ பாரம் 300 கிராமாகக் குறைந்தது.

செயற்கைக் காலோடு நடப்போர் நமது தெருக்களிலும் இருக்கிறார்கள். அந்தக் காலில் என்ன குறை என்று அவர்களிடமே கேட்டறிந்து, அதைவிட நல்லதொன்றைச் செய்யும் பிள்ளை நமது வகுப்பிலிருந்தும் வரவேண்டும், இன்ஷா அல்லாஹ். திப்புவை நினைவுகூர இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.