தண்ணீருக்காகப் பாரப்பட்ட தேவ மனிதன்



நம்ம சபைப் பத்திரிகையில் வழக்கமாக மிஷனரிகள், எழுப்புதல் வீரர்கள் வாழ்க்கையை எழுதுவோம். இந்த மாதம் ஒரு இன்ஜினீயரைப் பற்றி எழுதுகிறேன். இவர் பிரசங்க பீடத்தில் நின்று பேர் வாங்கினவர் அல்ல. ஆற்று மணலில் நின்று வேலை செய்தவர். ஆனாலும் தஞ்சாவூர் அரிசியில் சோறு பொங்குகிற ஒவ்வொரு வீடும் இவருக்குக் கடன்பட்டிருக்கிறது. இவர்தான் சர் ஆர்தர் காட்டன்.

ஏன் இவரைப் பற்றி எழுத வேண்டும்? வீட்டு ஜெபக் கூட்டங்களில் சகோதரர்கள் என்னிடம் அடிக்கடி ஒரு கேள்வி கேட்கிறார்கள். பாஸ்டர், கர்த்தருடைய வருகை சமீபமாயிருக்கிறது, இந்தப் பூமி அக்கினிக்கு இரையாகப் போகிறது, அப்புறம் ஆறு, மரம், குப்பை என்று விசுவாசி எதுக்குக் கவலைப்படணும், ஆத்தும ஆதாயம் பண்ணினால் போதாதா என்கிறார்கள். நியாயமான கேள்விதான். இந்த மனிதருடைய வாழ்க்கையையே அதற்குப் பதிலாக உங்கள் முன் வைக்கிறேன்.

18 வயதில் மதராஸ்

ஆர்தர் காட்டன் 1803-ஆம் வருஷம் மே 15-ந் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். அவருடைய தகப்பனாருக்கு அவர் 10-ஆவது மகன். கிழக்கிந்தியக் கம்பெனியின் இராணுவப் பள்ளியில் படித்து, 1821-ல் 18 வயது வாலிபனாக மதராஸ் வந்து இறங்கினார். இராணுவ இன்ஜினீயர் உத்தியோகம். ஏரிகளைப் பார்க்கிற இலாகாவில் வேலை செய்தார், பாம்பன் கடல் வழியை அளந்தார், பர்மா யுத்தத்துக்கும் போய் வந்தார்.

வாலிபன், கையில் அதிகாரம், நல்ல சம்பளம். அந்தக் காலத்தில் இங்கே வந்த வெள்ளைக்கார வாலிபர் அநேகர் குடியிலும் சூதிலும் சீரழிந்தார்கள். இவரோ வேதத்தையும் ஜெபத்தையும் விடாமல் பற்றிக்கொண்டார். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆள், திங்கட்கிழமை வேறொரு ஆள் என்று அவர் வாழவில்லை. ஜனங்களுக்குத் தண்ணீர் கொண்டு வருவதைத் தேவன் தனக்குக் கொடுத்த ஊழியமாகவே எண்ணினார்.

நம்ம காவேரிக்கு வந்த வியாதி

1820-களின் கடைசியில் காவேரிப் பாசன வேலை அவர் கையில் வந்தது. அப்போது காவேரி சாகக் கிடந்தது என்றே சொல்ல வேண்டும்.

திருச்சிக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டரில் முக்கொம்பு இருக்கிறது. நம்மில் அநேகர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வந்த இடந்தான். அங்கே ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவேரி, நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. கொள்ளிடம் பள்ளமானது, சரிவும் அதிகம். காவேரியோ வருஷா வருஷம் மணலும் வண்டலும் சேர்ந்து மேடாகிக்கொண்டே வந்தது. பள்ளத்தைக் கண்ட தண்ணீர் கொள்ளிடத்தில் இறங்கிப் போய்விட்டது. தஞ்சாவூர் வாய்க்கால்களில் தண்ணீர் குறைந்தது. எத்தனை ஆள் விட்டு மணலை வாரினாலும் அடுத்த வெள்ளத்தில் பழையபடி மேடு தட்டியது. நெற்களஞ்சியம் என்று பேர் பெற்ற பூமி தரிசாகிவிடுமோ என்ற பயம் வந்தது.

இந்த இடத்தில் காட்டன் செய்த காரியத்தைக் கவனியுங்கள். அவர் முதலாவது கல்லணைக்குப் போனார். நம்ம திருவெறும்பூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேர்கிற அதே கல்லணைதான். கரிகால் சோழன் பேர் சொல்லப்படுகிற அந்த அணை, அவர் பார்த்தபோதே ஆயிரம் வருஷங்களுக்கு மேல் வெள்ளத்தைத் தாங்கி நின்றிருந்தது. கீழே பாறை இல்லை, வெறும் மணல். பாறை இல்லாத ஆற்றில் அணை நிற்காது என்பது அக்காலத்து இன்ஜினீயர்களுடைய எண்ணம். ஆனால் நம்ம முன்னோர்கள் பெரிய பெரிய கற்களை மணலில் போட்டு, அவை அமிழ அமிழ மேலும் மேலும் போட்டு, அதையே அஸ்திபாரமாக்கி, அதன்மேல் கட்டியிருந்தார்கள். மணலின்மேல் வீடு கட்டின புத்தியில்லாத மனுஷனைப் பற்றி நமக்குத் தெரியும். இவர்களோ மணலுக்குள்ளே கல்லை இறக்கி அஸ்திபாரம் போட்ட புத்திசாலிகள்!

ஆளுகிற ஜாதியைச் சேர்ந்த அந்த வாலிபர், ஆளப்படுகிற ஜனத்தின் முற்பிதாக்களுக்கு முன்பாக மாணவனாக உட்கார்ந்தார். அங்கே கற்ற பாடத்தைத்தான் பிற்பாடு பெரிய பெரிய ஆறுகளில் பயன்படுத்தினார். இதை அவர் ஒளிக்கவில்லை, எழுத்திலும் ஒத்துக்கொண்டார். ஆதியாகமம் 26-ஆம் அதிகாரத்தில் ஈசாக்கு என்ன செய்தான்? தகப்பன் வெட்டி, பெலிஸ்தர் தூர்த்துப்போட்ட துரவுகளை மறுபடியும் தோண்டினான். தண்ணீர் காரியத்தில் புதுசாக ஒன்றைச் செய்கிறவன், பழைய துரவு எங்கே என்று முதலில் தேட வேண்டும்.

1836: இரண்டு அணைகள்

காட்டன் கல்லணையில் மணற்போக்கிகள் அமைத்தார். 1836-ல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டத் தொடங்கினார். வெள்ளம் வந்தால் மிஞ்சின தண்ணீர் அணையைத் தாண்டிக் கொள்ளிடத்தில் போகும். சாதாரண நாளில் தண்ணீர் காவேரிக்குத் திரும்பும். கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில், அணைக்கரையில், கீழணையும் எழும்பியது. சிதம்பரம் பக்கத்து வயல்களுக்கும் வீராணம் ஏரிக்கும் அங்கேயிருந்துதான் தண்ணீர் போகிறது. 2004 முதல் சென்னைப் பட்டணத்து ஜனங்களும் வீராணம் தண்ணீரைக் குடிக்கிறார்கள்.

இதில் ஒரு பாடமும் உண்டு. மேலணை கட்டினதும் காவேரிக்குள் தண்ணீர் வேகமாகத் திரும்பி, இப்போது காவேரியின் படுகை அரிக்க ஆரம்பித்தது! ஒரு கொம்பை அடைத்தால் மறு கொம்பில் பதில் சொல்லும், அதுதான் ஆறு. 1840-களில் மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தினார்கள், காவேரியின் தலைப்பிலும் படுகை அரிக்காதபடி குறுக்கே கட்டினார்கள். தேவன் படைத்த ஒன்றில் கை வைக்கிறவன் வைத்துவிட்டுப் போய்விட முடியாது. பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும், தப்பினதைத் திருத்த வேண்டும். ஆதாமை ஏதேனில் வைத்தபோது தேவன் இரண்டு வேலை கொடுத்தார்: பண்படுத்துவது ஒன்று, காப்பது இன்னொன்று. நாம் முதல் வேலையைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்து போகிறோம்.

பஞ்சத்தின் பூமியில்

1833-ல் ஆந்திர தேசத்தில் கொடிய பஞ்சம் வந்தது. குண்டூர் ஜில்லாவில் 5 லட்சம் ஜனங்களில் ஏறக்குறைய 2 லட்சம் பேர் மாண்டுபோனதாகக் கணக்கு. சற்று வடக்கே கோதாவரி மகாநதி கரைபுரண்டு கடலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது; ஆனால் அதன் கரையிலிருந்த ஜில்லாவும் பஞ்சத்துக்கும் புயலுக்கும் மாறி மாறி இரையானது. 1840-களில் காட்டன் அங்கே அனுப்பப்பட்டபோது இதுதான் நிலைமை.

தவளேஸ்வரத்தில் அணை கட்டலாம் என்று அவர் அறிக்கை மேல் அறிக்கை எழுதினார். அங்கே நடுவிலுள்ள தீவுகளோடு ஆற்றின் அகலம் சுமார் 4 மைல். மேலதிகாரிகள் செலவைக் கண்டு பயந்தார்கள். காட்டன் விடவில்லை. 1847-ல் வேலை தொடங்கி 1852-ல் முடிந்தது. கல்லணையில் கற்றபடியே மணலின்மேல் அஸ்திபாரம். அந்த ஜில்லா ஒரு தலைமுறைக்குள் நெல் விளையும் செழிப்பான பூமியாயிற்று. 1855-ல் கிருஷ்ணா நதியிலும் பெஜவாடாவில் அணை வந்தது.

நாம் சந்தோஷப்படுகிற இன்னொரு காரியம். நரசாபுரம் பக்கத்தில் போடன், பீர் என்ற இரண்டு மிஷனரிக் குடும்பங்கள் மிகுந்த தரித்திரத்தில் ஊழியம் செய்து வந்தன. காட்டன் அவர்களுக்கு நண்பராயிருந்தார். அணைக்கட்டில் மண் சுமந்த ஏழைக் கூலியாட்கள் நடுவே சுவிசேஷம் அறிவிக்கப்பட்டது. ஒரு பக்கம் வயலுக்குத் தண்ணீர், மறுபக்கம் ஆத்துமாவுக்கு ஜீவத்தண்ணீர். இது முக்கியமா அது முக்கியமா என்று இரண்டையும் அவர் மோதவிடவில்லை.

கேட்காத காதுகள்

1860-ல் ஓய்வு பெற்று, 1861-ல் சர் பட்டம் பெற்றார். அதன்பின் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் இந்தியாவின் பணமெல்லாம் ரயிலுக்கே போகிறது, பாசனத்துக்கும் வாய்க்காலுக்கும் கொடுங்கள் என்று ஓயாமல் வாதாடினார். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவில் மகா பஞ்சம் வந்தபோது லட்ச லட்சமாக ஜனங்கள் மடிந்தார்கள். கோதாவரி டெல்டாவோ தன் ஜனங்களையும் போஷித்து, வெளியூருக்கும் தானியம் அனுப்பியது. அப்படியிருந்தும் 1878-ல் பார்லிமெண்ட் கமிட்டி அவர் யோசனைகளை ஏற்கவில்லை.

அவர் சொன்னதெல்லாம் சரியாய்ப் போனது என்று நான் எழுத மாட்டேன். அவர் ஆதரித்த கர்னூல்–கடப்பா கால்வாய், அதை வெட்டின கம்பெனிக்குப் பெரும் நஷ்டமாக முடிந்தது. கடலுக்குப் போகிற தண்ணீர் எல்லாம் வீண் என்பது அந்தக் காலத்து எண்ணம். கொள்ளிடம் கடலில் சேருகிற பக்கத்திலுள்ள பிச்சாவரம் காட்டுக்கும், முகத்துவாரத்து மீனுக்கும், உப்பு ஏறாமல் நிலம் பிழைப்பதற்கும் ஆற்றின் பங்கு கடலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று இன்று நமக்குத் தெரியும். தேவ மனிதன் என்றால் தவறே செய்யாதவன் அல்ல. தனக்குக் கொடுக்கப்பட்ட வெளிச்சத்தில் உண்மையாய் நடந்தவன்.

முதிர்வயதில் டார்க்கிங் என்ற ஊரில் குடியிருந்தபோதும் மண்வெட்டியை விடவில்லை. நிலத்தை ஆழமாய்க் கிளறினால் கோதுமை எவ்வளவு கூடுதலாய் விளையும் என்று தன் தோட்டத்தில் சோதித்துக்கொண்டிருந்தார். அவர் மகள் எலிசபெத், குடிகாரத் தொழிலாளிகள் சாராயக் கடைக்குப் போகாதபடி அதே ஊரில் காப்பிக் கடை திறந்து சுவிசேஷம் சொன்னவர். தகப்பனாருடைய சரித்திரத்தை எழுதி 1900-ல் வெளியிட்டவரும் அந்த அம்மாள்தான். 1899 ஜூலை 24-ந் தேதி, 96 வயதில், காட்டன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கோதாவரிக் கரையில் விவசாயிகள் இன்றும் அவர் சிலைக்கு மாலை போடுகிறார்கள். நாம் சிலைக்கு மாலை போடுகிறவர்கள் அல்ல. அவர் செய்ததைத் தொடருவதே நமக்கு மாலை.

நம் கையில் என்ன இருக்கிறது?

2018 ஆகஸ்ட் 22-ந் தேதி இரவு முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் இடிந்து வெள்ளத்தில் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்குச் சில நாள் முன்புதான் திருச்சி பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்களும் விழுந்தன. கட்டிடம் பழசு என்றார்கள் சிலர்; ஆற்று மணலை அளவில்லாமல் அள்ளினதே காரணம் என்றார்கள் வேறு சிலர். பிற்பாடு அங்கே புது அணை கட்டினார்கள். ஒன்று மட்டும் நிச்சயம். மணல் வெறும் மணல் அல்ல. தண்ணீரைப் பிடித்து வைத்து, வடிகட்டித் தருவது மணல்தான். திருச்சி மாநகரத்துக் குடிநீர் காவேரி, கொள்ளிடப் படுகைக் கிணறுகளிலிருந்து வருகிறது. மணல் போனால் ஊற்றும் போச்சு!

பிளான்ட்டில் வேலை செய்கிற சகோதரர்களே, பாய்லருக்குள் போகிற தண்ணீரை எவ்வளவு சுத்தம் பண்ணி அனுப்புகிறீர்கள்! கொஞ்சம் அழுக்கு படிந்தாலும் டியூப் கெட்டுவிடும் என்று உங்களுக்குத் தெரியும். இரும்புக் குழாய்க்கு அவ்வளவு கவனம் என்றால், நம்ம பிள்ளைகள் குடிக்கிற தண்ணீருக்கு எவ்வளவு கவனம் வேண்டும்? கழிவு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதபடி பார்ப்பது சூப்பர்வைசருக்குப் பயந்து அல்ல, கர்த்தருக்கென்று செய்கிற வேலை.

சபையிலும் செய்யலாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடை செய்யப்பட்டிருக்கிறது. சட்டத்துக்கு மட்டுமல்ல, மனச்சாட்சிக்கும் கீழ்ப்படிந்து, அன்பின் விருந்தில் வாழை இலையும் ஸ்டீல் டம்ளரும் வைப்போம். கன்வென்ஷன் முடிந்ததும் பந்தல் போட்ட இடத்தை வந்ததைவிடச் சுத்தமாக விட்டுப் போவோம். ஆராதனை ஸ்தலத்தின் கூரைத் தண்ணீர் ரோட்டுக்கு ஓடாமல் பூமிக்குள் இறங்கட்டும். ஞானஸ்நானம் எடுக்கிற பழைய மனுஷன் ஆற்றுக்குள்ளே அடக்கம்பண்ணப்படட்டும். ஆனால் பழைய துணியையும் கவரையும் ஆற்றில் விட்டு வராதிருப்போம்.

அந்தச் சகோதரர்களின் கேள்விக்கு இதுதான் என் பதில். எஜமான் சீக்கிரம் வருகிறார் என்று தெரிந்த வேலைக்காரன் வீட்டைக் குப்பையாய்ப் போட்டு வைப்பானா? வருகிறபோது வேலை செய்கிறவனாகக் காணப்படுகிறவன் அல்லவோ பாக்கியவான்! பூமியும் அதின் நிறைவும் கர்த்தருடையது என்று பாடுகிறவர்கள், அவர் பொருளை அவர் வருமளவும் காக்கக் கடமைப்பட்டவர்கள்.

இந்த மாத உபவாச ஜெபத்தில் காவேரிக்காகவும், அதை நம்பியிருக்கிற டெல்டா விவசாயிகளுக்காகவும், தண்ணீருக்காக அண்டை மாநிலத்தோடு நமக்குச் சமாதானம் உண்டாகவும் பாரத்தோடு ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு எழும்பும்போது, சபைத் தோட்டத்தில் சொட்டிக்கொண்டிருக்கிற குழாயையும் யாராவது ஒருவர் அடைத்துவிட்டுப் போங்கள்.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதித்து, நம்ம தேசத்தின்மேல் ஏற்ற காலத்தில் மழையையும் எழுப்புதலின் மாரியையும் பொழிந்தருளுவாராக. ஆமென். மாரநாதா!