கொழும்பு நகராண்மைக் கழகத்தில் முதல் பெண்: டாக்டர் மேரி ரட்ணம்

அரசியல் என்றதும் நமக்கு நாடாளுமன்றமும் சட்டமன்றமும்தான் நினைவுக்கு வரும். அடைத்துக்கொண்ட சாக்கடை, அள்ளப்படாத குப்பை, எரியாத தெருவிளக்கு ஆகியவற்றைக் கவனிக்கும் நகராண்மைக் கழகத்தை யாரும் அரசியலாக நினைப்பதில்லை. இந்தச் சிறிய விஷயங்களையே பெரிய அரசியலாகக் கருதி உழைத்த ஒரு பெண்ணைப் பற்றி மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். இலங்கையில் பெண்ணுரிமை வரலாற்றைப் படிப்பவர்கள் எல்லாரும் அறிந்த பெயர் அது. நம் நாட்டில்தான் அதிகம் பேசப்படவில்லை.

மேரி ஹெலன் இர்வின் 1873ஆம் ஆண்டு கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பதே அரிதாக இருந்த காலத்தில் டொரொன்டோவில் மருத்துவம் பயின்று பட்டம் பெற்றார். அமெரிக்க மிஷன் ஒன்றின் மருத்துவராக இலங்கைக்குச் செல்ல அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். புறப்படும் வேளையில், 1896இல், சாமுவேல் கிறிஸ்துமஸ் கனக ரட்ணம் என்ற இலங்கைத் தமிழரை நியூயார்க்கில் மணந்துகொண்டார்.

அந்தத் திருமணத்தை மிஷன் ஏற்கவில்லை. வெள்ளைக்காரப் பெண் ஒருவர் உள்ளூர்க்காரரை மணந்ததால், மருத்துவராக அவருக்குக் கொடுக்கவிருந்த பணி கைவிட்டுப் போனது. அன்பையும் சேவையையும் போதித்தவர்களே நிறத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தினார்கள். அவருக்கு அப்போது வயது 23. கனடாவுக்குத் திரும்பிப் போயிருக்கலாம். அவரோ கொழும்பிலேயே தங்கினார். பெண்களுக்கான அரசாங்க மருத்துவமனையில் சில காலம் பணியாற்றிவிட்டு, பின்னர் சொந்தமாக மருத்துவத் தொழில் நடத்தினார். ஆண் மருத்துவரிடம் தங்கள் நோயைச் சொல்லத் தயங்கிய பெண்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

நோயாளிகளிடம் பேசப் பேச அவருக்கு ஒன்று விளங்கியது. பல நோய்களுக்குக் காரணம் வறுமை, ஓயாத பிரசவம், அறியாமை, சுத்தமில்லாத சுற்றுப்புறம். இவற்றுக்கு மருந்துச் சீட்டு எழுத முடியாது. ஆகவே அவர் சங்கம் கட்டத் தொடங்கினார். 1904இல் இலங்கை மகளிர் சங்கம், 1909இல் தமிழ் மகளிர் சங்கம் ஆகியவற்றைத் தொடங்குவதில் முன்னின்றார். பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சுகாதார நூல் எழுதினார். குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசுவதே வெட்கக்கேடு என்று கருதப்பட்ட நாளில் அதைத் துணிந்து பேசினார்.

1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் கொழும்பில் உருவானது. அதன் செயலாளர் ஆக்னஸ் டி சில்வா. மேரியும் அதில் முக்கியப் பங்காற்றினார். இலங்கையின் அரசியலமைப்பை மாற்றியமைக்க வந்த டொனமூர் ஆணைக்குழுவின் முன் சங்கத்தார் சாட்சியம் அளித்தார்கள். அப்போது எழுந்த ஒரு கேள்வியை நாம் கவனிக்க வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் கூலி வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று ஆணைக்குழுத் தலைவர் கேட்டார். அவர்களும் பெண்கள்தாம், எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற பொருளில் ஆக்னஸ் உடனே பதில் சொன்னார். மேல்தட்டுப் பெண்கள் நிறைந்த ஒரு சங்கம், கொழுந்து பறிக்கும் பெண்ணைக் கைவிடவில்லை.

30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டுமே வாக்கு என்று ஆணைக்குழு பரிந்துரைத்தது. பின்னர் அது ஆண்களைப் போலவே 21 வயது என்று மாறியது. 1931இல் இலங்கைப் பெண்கள் வாக்களித்தார்கள். அடுத்த ஆண்டே நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண் அரசாங்க சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் தோட்டத் தமிழர்களுக்கு மட்டும் குடியிருப்பு, கல்வி, வருமானம் என்று நிபந்தனைகள் போடப்பட்டன. சுதந்திரத்துக்குப் பின் 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் அவர்களில் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. போராடிப் பெற்ற உரிமையும் பறிபோகலாம் என்பதற்கு இது கசப்பான சான்று.

1930இல் மேரி தொடங்கிய லங்கா மகிளா சமிதிதான் அவருடைய மிகப் பெரிய பணி. கனடாவின் கிராமப்புற மாதர் அமைப்புகளை முன்மாதிரியாகக் கொண்டு இலங்கைக் கிராமங்களில் மாதர் சங்கங்களை உருவாக்கினார். தையல், சமையல், குழந்தை வளர்ப்பு, காய்கறித் தோட்டம் ஆகியவை அங்கே கற்பிக்கப்பட்டன. இவற்றோடு கூட்டம் நடத்தவும், எழுந்து நின்று பேசவும், கணக்கு எழுதவும் கிராமத்துப் பெண்கள் பழகினார்கள்.

1937இல், 64 வயதில், கொழும்பு நகராண்மைக் கழகத் தேர்தலில் நின்று வென்றார். அக்கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவரே. அப்பதவியில் அவர் நெடுங்காலம் நீடிக்கவில்லை. அதனால் அவர் வேலை நின்றுவிடவும் இல்லை. அவருடைய பலம் நாற்காலியில் இல்லை, கிராமச் சங்கங்களில் இருந்தது. 1958இல் பொதுச் சேவைக்கான மக்சாய்சாய் விருது பெற்றார். 1962இல் காலமானார்.

இவரைப் பற்றிப் படிக்கும்போது என் மனம் கோலசிலாங்கூர் தோட்டங்களுக்கே போனது. என் பாட்டி புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு வெட்டுக்காட்டுக்குப் போவாராம். கொட்டகைக் கூரை ஒழுகினாலும், லயத்துச் சாக்கடை நாறினாலும் கிராணியிடம் போய்ச் சொல்வது ஆண்கள் வேலை என்றே அவர் வளர்ந்தார். தோட்டம் தனியார் நிலம் என்பதால் ஊராட்சியின் கையும் அங்கே எட்டவில்லை. பேசுவதற்கு ஒரு மகளிர் சங்கம் இருந்திருந்தால் கூரை சீக்கிரம் மாறியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. 1976ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு கழக உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. மேரி நின்றதுபோல் ஒரு தேர்தலில் ஈஜோக்கிலோ பெஸ்தாரி ஜெயாவிலோ இருக்கும் ஒரு பெண் இன்று நிற்க முடியாது. ஆனால் கூட்டம் போடத் தடையில்லை. பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், ஆலய நிர்வாகம், தாமான் குடியிருப்பாளர் சங்கம் எல்லாம் நம்மிடம் உள்ளன. அவற்றின் செயலவையில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள்? இருப்பவர்களில் எத்தனை பேர் பேசுகிறார்கள், எத்தனை பேர் தேநீர் மட்டும் கலக்குகிறார்கள்?

18 வயதானால் இப்போது நம் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறிவிடுகிறது. அந்த வாக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் பயன்படும். மற்ற நாள்களில் பயன்படுவது சங்கம். உங்கள் வட்டாரத்தில் அடுத்த ஆண்டுக் கூட்டம் என்றைக்கு என்று விசாரியுங்கள். அம்மாவையும் அக்காவையும் அழைத்துக்கொண்டு போய் முன் வரிசையில் உட்காருங்கள்.