வேம்பின் கசப்பைப் பிரித்தெடுத்தவர்

தன்னாமுனையில் வாப்பாவின் கடைக்குப் பின்னால், வாவிக் காற்று படும் இடத்தில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. எங்கள் குடும்பத்தில் எவருக்காவது கொப்புளிப்பான் வந்தால் அந்த மரத்து இலைதான் வீட்டுக்கு வரும். சென்ற வருடம் சாச்சியின் நாலு மாதக் குழந்தை வயிற்றுவலியால் விடாமல் அழுதது. சில துளி வேப்பெண்ணெய் பருக்கினால் சரியாகும் என்று மூத்தம்மா போத்தலை எடுத்து வந்தார். அந்நேரம் வந்த மருத்துவமாது அதைத் தடுத்துவிட்டார். கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் உள்ளே போனால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம் என்று விளக்கினார். மூத்தம்மாவின் முகம் வாடிப்போனது. வேம்பு மருந்தா, நஞ்சா? உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் என்னிடம் அதற்கு விடை இருக்கவில்லை. தேடியபோதுதான் ஸலீமுஸ்ஸமான் சித்தீக்கி என்ற மாமேதையின் வாழ்க்கையை அறிந்துகொண்டேன்.

இவர் 1897 ஒக்டோபர் 19ஆம் திகதி வட இந்தியாவில் லக்னோவுக்கு அண்மையிலுள்ள சுபேஹா என்ற ஊரில் பிறந்தார். அலிகாரில் இவர் கற்றது மெய்யியலும் பாரசீக மொழியும். 1920இல் மருத்துவம் கற்க லண்டன் சென்றார். ஒரு வருடத்தில் அதை விட்டு, ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகருக்குச் சென்று இரசாயனவியல் மாணவரானார். ஓவியத்திலும் வல்லவரான இவர், மாணவராக இருந்தபோதே அந்நகரில் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். 1927இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

ஐரோப்பாவில் கற்றவர் நாடு திரும்பிச் சேர்ந்தது ஒரு யூனானி ஹக்கீமிடம் என்பதுதான் என்னை வியக்க வைத்தது. டில்லியில் ஆயுர்வேத, யூனானி திப்பியாக் கல்லூரியை நடத்திய ஹக்கீம் அஜ்மல் கான், பரம்பரை மருந்துகளை நவீன விஞ்ஞானத்தால் பரிசோதிக்க வேண்டும் என்று விரும்பினார். அதற்கான ஆய்வுப் பணியைச் சித்தீக்கி பொறுப்பேற்றார். ஆனால் 1927 டிசம்பரில் ஹக்கீம் வஃபாத்தாகிவிட்டார். வழிகாட்டி இல்லாமலே மாணவர் வேலையைத் தொடர வேண்டியதாயிற்று.

மனநோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் வைத்தியர்கள் நெடுங்காலம் கொடுத்துவந்த சர்ப்பகந்தி வேரை அவர் ஆராய்ந்தார். 1931இல் அதிலிருந்து ஓர் அல்கலொயிட்டைத் தனியாக்கினார். நைதரசன் கொண்ட, கார இயல்புள்ள தாவரச் சேர்வைகளே அல்கலொயிட்டுகள். அதற்கு அவர் தம் பெயரைச் சூட்டவில்லை. மறைந்த ஹக்கீமின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். இதயத் துடிப்பின் ஒழுங்கைச் சீராக்க அது பயன்பட்டது. மறைந்திருக்கும் ஒரு பரம்பரை இதயக் கோளாறைக் கண்டறிய வைத்தியசாலைகளில் இன்றும் பயன்படுகிறது. இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ரெசெர்பின் என்ற சேர்வையை 1952இல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் அதே வேரிலிருந்து பிரித்தெடுத்தனர். ஒரே வேருக்குள் வெவ்வேறு வேலை செய்யும் பல சேர்வைகள் இருப்பது இதனால் தெளிவாயிற்று.

அடுத்து அவர் கைவைத்தது நம் முற்றத்து வேம்பில். எல்லாச் சேர்வைகளும் ஒரே கரைப்பானில் கரைவதில்லை. ஆகவே வேப்பெண்ணெயை ஈதர், பெற்றோல் ஈதர், எதைல் அசற்றேற்று, ஐதான மதுசாரம் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பல கரைப்பான்களுக்கு உட்படுத்தினார். 1942இல் நிம்பின், நிம்பினின், நிம்பிடின் என மூன்று கசப்புச் சேர்வைகள் கிடைத்தன. நாம் குடிக்கும் தேயிலைச் சாயத்தின் துவர்ப்புக்குப் பொலிபீனோல்கள் காரணமாக இருப்பதுபோல, வேம்பின் கசப்புக்கும் பெயரும் உருவமும் உள்ள சேர்வைகள் காரணமாக இருப்பதை அவர் உலகுக்குக் காட்டினார்.

1951இல் பாகிஸ்தான் பிரதமர் லியாகத் அலி கானின் அழைப்பை ஏற்று அங்கு சென்றார். நாட்டின் விஞ்ஞான ஆய்வு மன்றத்தை உருவாக்கினார். 1961இல் லண்டன் ரோயல் சொசைட்டியின் உறுப்பினரானார். ஓய்வு பெற்றதும் வீட்டில் இருந்துவிடவில்லை. கராச்சிப் பல்கலைக்கழகத்தில் இரசாயன ஆய்வு நிறுவனம் ஒன்றை வளர்த்து, 1990 வரை அதன் பணிப்பாளராக இருந்தார். சகோதரிகளே, அங்கே அவரோடு வேம்பை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டவர்களில் பீனா சித்தீக்கி, ஷாஹீன் பைஸி ஆகிய முஸ்லிம் பெண் விஞ்ஞானிகளும் இருந்தனர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. 1994 ஏப்ரல் 14ஆம் திகதி, 96ஆவது வயதில் அவர் கராச்சியில் காலமானார்.

இயற்கையானது என்பதால் மட்டும் ஒன்று தீங்கற்றதாகிவிடாது. பழையது என்பதால் மட்டும் ஒன்று பொய்யாகிவிடாது. அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, யாருடைய உடலுக்குள் போகிறது என்று கேட்க வேண்டும். அவரது வாழ்க்கையிலிருந்து நான் பெற்ற பாடம் இதுவே. ஹக்கீமை மதித்தபடியே அவர் இந்தக் கேள்விகளைக் கேட்டார்.

இதையெல்லாம் ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு மூத்தம்மாவிடம் சொன்னேன். ஹக்கீமின் பெயரை மருந்துக்கு வைத்த இடத்தை மட்டும் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். வேப்பெண்ணெய்ப் போத்தல் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது, மூத்தம்மாவின் முழங்காலில் பூசுவதற்கு மட்டும்.