மரங்களை எண்ணிய மாமனிதர்

சான்றோர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு மன்ற மலரின் ஆசிரியர் குழுவினர் கேட்டனர். புலவர் ஒருவரையோ நாட்டுத் தலைவர் ஒருவரையோ பற்றி நான் எழுதுவேன் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். நானோ தாய்நாட்டுத் தென்கோடியிலிருந்து டேராடூனுக்கு வந்து, மரங்களைப் பற்றி முதுநிலை வகுப்பில் பயிலும் மாணவி. ஆகவே, என் துறைக்கு இந்நாட்டில் கால்கோள் செய்தவரைப் பற்றியே எழுதத் துணிந்தேன். அவர் பெயர் டீட்ரிக் பிராண்டிஸ்.

ஜெர்மனியில் பான் நகரில் 1824ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் தத்துவப் பேராசிரியர். மகனுக்கோ செடிகொடிகளின் மீதே நாட்டம். தாவரவியல் கற்றுத் தேர்ந்து, பான் பல்கலைக்கழகத்திலேயே அதனைக் கற்பிக்கலானார். செராம்பூர்ச் சமயத் தொண்டர் ஜோசுவா மார்ஷ்மனின் மகள் ரேச்சல் அம்மையாரை அவர் மணந்தார். இந்தியாவுக்கு வழி திறந்தது அந்த உறவே. அம்மையாரின் தங்கை கணவரோ தமக்கை கணவரோ என்று முறை பார்க்க வேண்டியதில்லை. ஹேவ்லாக் என்னும் படைத்தலைவர் அக்குடும்பத்து மருமகன். அவர் வழியாகப் பிராண்டிசின் பெயர் டல்ஹௌசிப் பிரபுவின் செவிக்கு எட்டியது. 1856இல், பர்மாவின் பெகுப் பகுதியில் தேக்குக் காடுகளைக் காக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அக்காட்டில் எத்தனை தேக்கு மரங்கள் இருந்தன? யாருக்கும் தெரியாது. மர வணிகர்கள் வெட்டிக்கொண்டே இருந்தார்கள். பிராண்டிஸ் முதலில் எண்ணத் தொடங்கினார். யானை மீது அமர்ந்து காட்டை ஊடறுத்துச் செல்வார். மழைக்காட்டில் தாளும் மையும் பயன்படா. எனவே இடக்கையில் நான்கு மூங்கில் துண்டுகள். வலக்கையில் சிறு கத்தி. மரங்களைப் பருமனுக்கு ஏற்ப நான்கு வகையாகப் பிரித்துக்கொண்டார். வழியில் ஒரு தேக்கு மரம் தென்பட்டால், அதன் வகைக்குரிய துண்டில் ஒரு வெட்டு. மாலையில் கூடாரத்தில் அமர்ந்து வெட்டுகளைக் கூட்டிக் கணக்கில் ஏற்றுவார். காய்ச்சல் அவரை வாட்டியது. எண்ணும் பணி நிற்கவில்லை.

இந்த எளிய எண்ணிக்கையிலிருந்து ஒரு பெரிய உண்மை பிறந்தது. சிறிய மரங்கள் எத்தனை ஆண்டுகளில் பெரிய மரங்களாகும் என்று கணக்கிட்டால், ஆண்டுக்கு எத்தனை பெரிய மரங்களை வெட்டலாம் என்பது விளங்கும். வளர்வதற்கு மேல் வெட்டலாகாது. காடு முதல், அதன் வளர்ச்சி வட்டி. வட்டியை மட்டும் உண்டு வாழும் குடும்பம் தலைமுறை தலைமுறையாய் வாழும். முதலில் கைவைத்த குடும்பத்தின் கதை நாம் அறிந்ததே.

இன்னொன்றையும் அவர் பெகுவில் கற்றார். மலைவாழ் கரேன் மக்கள் காட்டை எரித்துப் புனம் விதைப்பவர்கள். அவர்களைக் காட்டின் பகைவர் என்றே அதிகாரிகள் கருதினர். பிராண்டிஸ் அவர்களைத் துணைவராக்கிக்கொள்ள முனைந்தார். புனத்தில் நெல்லோடு தேக்கையும் நடச் செய்து, அதற்குக் கூலியும் அளிக்கும் முறை வளர்ந்தது. உழவர் அடுத்த புனத்துக்குச் சென்ற பின், அங்கே தேக்கு நின்றது. டாங்கியா என்னும் அம்முறை பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவியது.

அக்காலத்தில் இந்தியாவில் இருப்புப்பாதைகள் விரைந்து நீண்டுகொண்டிருந்தன. ஒரு மைல் பாதைக்கு 1,700க்கும் மேற்பட்ட கட்டைகள் வேண்டும். தேக்கு, சால், தேவதாரு ஆகிய மூன்றே மண்ணில் நெடுநாள் உழைப்பவை. காடுகள் மொட்டையாவதைக் கண்ட அரசு விழித்துக்கொண்டது. 1864இல் பிராண்டிஸ் இந்தியாவின் முதல் தலைமை வன அதிகாரியானார். 1878இல் இதே டேராடூனில் வனப்பள்ளி ஒன்று தோன்ற அவர் காரணமானார். நான் இன்று படிக்கும் படிப்புக்கு அதுவே விதை.

இனிச் சொல்லப்போவது, நான் பாடநூலைப் படித்துப் பல நாள் சிந்தித்த பகுதி.

காடு யாருடையது? அரசுடையதே, மக்கள் பெற்றது சலுகையே அன்றி உரிமை அன்று என்றார் பேடன் பவல் என்னும் அதிகாரி. பிராண்டிஸ் அவ்வாறு கருதவில்லை. ஐரோப்பாவில் ஊர்களுக்கு உரிய காடுகளை அவர் கண்டிருந்தார். அரசுக் காடுகளோடு ஊர்க் காடுகளும் வேண்டும் என்று வாதாடினார். 1878ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஊர்க் காட்டுக்கும் ஒரு பிரிவு அமைந்தது. ஆனால் அது பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது. அரசின் ஒதுக்குக் காடுகளே பெருகின.

நம் சென்னை மாகாணம் அச்சட்டத்தை ஏற்கவில்லை. மக்கள் மாடு மேய்க்காத, விறகு பொறுக்காத காடு இங்கு அரிது என்று வருவாய் வாரியம் எடுத்துக்காட்டியது. பிராண்டிஸ் சென்னைக்கு வந்து ஆராய்ந்தார். 1882இல் தனிச் சட்டம் ஒன்று உருவாயிற்று. ஆயினும், நாளடைவில் அதுவும் வேலியாகவே மாறியது.

என் அப்பாயி சேலத்துப் பக்கம் ஒரு மலையடிவாரச் சிற்றூரில் வாழ்ந்தவர். இளமையில் நாள்தோறும் மலையேறிச் சுள்ளி பொறுக்கி, சும்மாடு வைத்துச் சுமந்து வருவாராம். ஒரு நாள் காவலர் ஒருவர் விறகுச் சுமையையும் அரிவாளையும் பறித்துக்கொண்டார். அரிவாளை மீட்க மூன்று நாள் கூலி போயிற்று. நான் காட்டைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்றபோது அப்பாயி மகிழவில்லை. இனி நீயும் பறிப்பாயோ என்பது போல என் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வைக்கு இன்னும் நான் விடை சொல்லவில்லை.

1883இல் பிராண்டிஸ் ஓய்வு பெற்றார், ஓய்ந்திருக்கவில்லை. வனவியல் கற்க விரும்பிய இளைஞர்களுக்கு வழிகாட்டினார். அவர்களுள் ஒருவரான கிஃபோர்டு பின்ஷோ, பின்னாளில் அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவரானார். முதுமையில் அரிதின் உழைத்து, இந்திய மரங்களைப் பற்றிய பெருநூலை 1906இல் வெளியிட்டார். மறு ஆண்டு மே 28ஆம் நாள், 83ஆம் வயதில், பிறந்த நகரிலேயே மறைந்தார். ஒரு மூங்கில் இனம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி வளர்கிறது.

மூங்கில் என்றதும் இன்றைய செய்தி நினைவுக்கு வருகிறது. நிலக்கரியும் எண்ணெயும் எடுத்தால் தீர்ந்துபோகும். மீண்டும் வளரும் பொருள்களைக் கொண்டே தொழில்களை நடத்த வேண்டும் என்று நாடுகள் முயல்கின்றன. இதனை உயிரிப் பொருளாதாரம் என்பர். இந்திய அரசு 2024இல் இதற்கென ஒரு கொள்கையை ஏற்றது. அசாமில் நுமாலிகரில், மூங்கிலிலிருந்து எரிசாராயம் எடுக்கும் ஆலை 2025இல் தொடங்கப்பட்டது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமோ, மூங்கில் உள்ளிட்ட சிறு விளைபொருள்களின் மீது காட்டில் வாழ்வோரின் உரிமையை ஏற்றிருக்கிறது.

இவை நல்ல தொடக்கங்கள். ஆயினும் நாம் பிராண்டிசின் வாழ்விலிருந்து இரண்டையும் கற்க வேண்டும். ஆண்டுக்கு எவ்வளவு வளர்கிறது என்று எண்ணாமல் ஆலை அமைத்தால், காடு அழியும். அக்காட்டை நம்பி எத்தனை அடுப்புகள் எரிகின்றன என்று எண்ணாமல் அமைத்தால், மக்கள் அழிவர். முதற் கணக்கை அவர் செம்மையாகப் போட்டார். இரண்டாம் கணக்கின் தேவையை உணர்ந்தும், தாம் பணி செய்த அரசை அதற்கு இணங்கவைக்க அவரால் இயலவில்லை.

அவர் கையில் இருந்தவை நான்கு மூங்கில் துண்டுகள். என் போன்றோர் காட்டுக்குள் செல்லும் நாளில் ஐந்தாவது துண்டு ஒன்றையும் எடுத்துச் செல்வோம். அதில் இடும் முதல் வெட்டு என் அப்பாயிக்கு உரியது.