காயத்தைக் காட்ட இயலாதவர்களின் வைத்தியர்

எங்கள் நிந்தவூரில் எனக்கு அடுத்த வளவில் காக்கா ஒருவர் வாழ்ந்து வருகிறார். யுத்த காலத்தில் ஊர்காவற் படையில் துப்பாக்கி ஏந்திக் காவல் நின்றவர். இன்றும் இரவில் ஒரு தேங்காய் விழுந்தால் போதும். பாயை விட்டெழுந்து வேலியோரம் பதுங்கிவிடுவார். நட்டஈடு கேட்டு அவர் ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் கொண்டு சென்றபோது துணைக்கு நானும் போனேன். படிவத்தைப் புரட்டிய உத்தியோகத்தர், காயம் உடம்பில் எவ்விடத்தில் என்று வினவினார். காக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். வீடு திரும்பும் வழியெல்லாம் என் நினைவில் நின்றவர், நூறாண்டுக்கு முன் மறைந்த ஆங்கில வைத்தியர் றிவர்ஸ்.

டபிள்யூ. எச். ஆர். றிவர்ஸ் என்னும் பெயர் நம்மவருள் மானிடவியல் பயின்றோருக்குப் புதியதன்று. 1901, 1902ஆம் ஆண்டுகளில் நீலகிரியிலே தொதவர்களிடையே சில மாதங்கள் தங்கி, அவர்தம் வமிசாவழிகளையும் எருமைத் தொழுவத்துச் சடங்குகளையும் கேட்டெழுதி, 1906இல் பெருநூலாக வெளியிட்டவர் அவரே. பிறர் சொல்வதைப் பொறுமையுடன் கேட்கும் கலை அவருக்கு அங்கேயே கைவந்தது என்பது என் எண்ணம்.

அவர் 1864 மார்ச் 12ஆம் நாள் இங்கிலாந்தின் கென்ற் பகுதியிலே பிறந்தார். தந்தையார் மதகுரு, திக்குவாய்க்குச் சிகிச்சை செய்வதிலும் பேர்பெற்றவர். மகனுக்கோ ஆயுள் முழுதும் நாக்குத் திக்கியது. வாத்தியார் பிள்ளை மக்கு என்று எங்கள் தொழிலைப் பழிப்பவர்கள் இதையும் கவனிக்கலாம். இன்னொரு விந்தையும் உண்டு. ஐந்து வயது வரை வாழ்ந்த வீட்டின் கீழ்த்தளம் அவருக்கு நன்கு நினைவிருந்தது; மேல்மாடி மட்டும் அறவே மறந்துபோயிற்று. எவ்வளவு முயன்றும் அது மீளவில்லை. மனம் தனக்குத் தானே கதவடைத்துக்கொள்ளும் என்பதைத் தம்மிடமே கண்டவர் அவர்.

1886இல் வைத்தியப் பட்டம். 1893இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் ஆசிரியப் பணி. 1898இல் தொறஸ் நீரிணைத் தீவுகளுக்கு ஆராய்ச்சிப் பயணம். அப்பயணத்திற் கூடச் சென்ற மாணவர் சார்ள்ஸ் மையர்ஸ் என்பவரே, பிற்காலத்தில், 1915 பெப்ருவரியில், லான்செற் என்னும் வைத்திய இதழில் எழுதிய கட்டுரை மூலம் ‘குண்டதிர்ச்சி’ என்ற சொல்லைப் பரவச் செய்தார்.

முதலாவது உலக மகாயுத்தத்திலே பிரித்தானியப் படையில் சுமார் 80,000 பேர் இந்நோய்க்கு ஆளாயினர். அவர்களைப் படை அதிகாரம் இரண்டெழுத்துக்களாற் பிரித்தது. எதிரியின் குண்டு அருகே வெடித்ததனால் நோயுற்றவனுக்கு ‘டபிள்யூ’: அவன் காயம்பட்டவன், காயப்பட்டி அணியலாம், ஓய்வூதியமும் கோரலாம். ஏனையோருக்கு ‘எஸ்’: வெறும் நோயாளி, பட்டியும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. 1917 முதல், குண்டு மெய்யாகவே அருகில் வெடித்ததா என்று படைத்தலைவனைக் கேட்டறிய டபிள்யூ 3436 என்னும் படிவமும் வந்தது. ஒரு மனிதனின் பிற்கால வயிற்றுப்பாடு ஓர் எழுத்திலே தொங்கியது.

றிவர்ஸ் 1915இல் மேஹல் வைத்தியசாலையில் சாதாரண சிப்பாய்களுக்கும், 1916 ஒக்டோபர் முதல் எடின்பரோவுக்கு அண்மையிலுள்ள கிறெய்க்லொக்காட்டில் அதிகாரிகளுக்கும் சிகிச்சை செய்தார். மறந்துவிடு, ஆண்மகனாக இரு என்று பிறர் போதித்த காலத்தில், அவர் அருகிருந்து பேசச் சொன்னார். சிதைந்து கிடந்த நண்பனின் உடலைக் கண்ட ஓர் அதிகாரி இரவுதோறும் அலறி விழித்தார். அந்த நண்பன் வேதனையின்றிக் கணத்தில் மாண்டிருப்பான் என்பதை றிவர்ஸ் அவருக்கு எடுத்துக் காட்டினார். கனவின் கொடூரம் தணிந்தது. ஆறுதல் சொல்ல எதுவுமே அகப்படாத இன்னொரு நோயாளியைக் குறித்தும், தம் முறை அங்கே பயன்படவில்லை என்று ஒளியாமல் எழுதிவைத்தார். வெற்றிக் கதையைவிட இந்தத் தோல்விக் குறிப்பே எனக்கு அவர்பால் மதிப்பை வளர்த்தது.

1917 ஜூலையில் கவிஞர் சீக்பிரீட் சசூன் அங்கே அனுப்பப்பட்டார். யுத்தத்தைக் கண்டித்து அறிக்கை விட்டதே அவர் நோய். அவருக்குச் சித்தம் பேதலிக்கவில்லை என்பதை றிவர்ஸ் அறிவார். ஆயினும் படைச் சீருடை அணிந்த வைத்தியரின் கடமை, மனிதரைத் தேற்றிப் போர்முனைக்கு மீட்டும் அனுப்புவது. சசூன் திரும்பிச் சென்றார். 1918இல் தலையிற் குண்டுபட்டார், ஆயினும் உயிர் பிழைத்தார். குணமாக்குவதன் பொருள் என்ன என்ற கேள்வி றிவர்ஸை அலைத்தது.

அதனினும் கொடிய முரண் ஒன்று அவருடைய கொள்கையிலேயே அடங்கியிருந்தது. நோய்க்குக் காரணம் குண்டின் அதிர்வன்று. அச்சத்துக்கும் கடமைக்கும் இடையே மனத்தில் நிகழும் போராட்டமே என்றார் அவர். உண்மை அதுவே. கோழைகள் என்று தூற்றப்பட்டோரின் மானத்தை அது காத்தது. ஆனால் குண்டு காரணமல்ல என்றால், குண்டினால் வந்த காயம் என்ற வழக்கு என்னாவது? 1920இல் அமைந்த சவுத்பரோ பிரபுவின் விசாரணைக் குழு முன் றிவர்ஸும் சாட்சியமளித்தார். 1922இல் வெளிவந்த அதன் அறிக்கை, மனநோய் எதனையும், குண்டு வெடித்தே வந்ததாயினும், போர்க்காயமாகக் கணக்கிடலாகாது என்று விதந்துரைத்தது. 1921இல் நரம்புத் தளர்ச்சிக்கென ஓய்வூதியம் பெற்றோர் ஏறத்தாழ 65,000 பேர்.

அவ்வறிக்கையைக் குறித்து றிவர்ஸ் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்க வழியில்லை. தொழிற் கட்சி வேட்பாளராகப் பாராளுமன்றத் தேர்தலில் நிற்க இசைந்திருந்த நிலையில், 1922 ஜூன் 4ஆம் நாள் குடற்கோளாறினால் திடீரென மறைந்தார். வயது 58. அவருக்குப் பதிலாக எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் போட்டியிட்டார், வெல்லவில்லை.

வியட்னாம் யுத்தத்திலிருந்து மீண்ட வீரர்களும் அவர்கள் பக்கம் நின்ற வைத்தியர்களும் வாதாடி, 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்ப்பட்டியலில் இந்நோயை ஏற்றினர். நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்று நாம் இன்று சொல்வது அதையே.

காக்காவின் படிவம் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. காயத்தின் இடம் என்ற கட்டம் இரண்டு விரற்கடை அகலம். ஒவ்வொரு நாளும் மஃரிபுக்குப் பின் அவர் வந்து திண்ணையில் அமர்ந்து சொல்கிறார். நான் தனித்தாளில் எழுதுகிறேன். நேற்றோடு ஆறாம் பக்கம் முடிந்தது.