சிறகு தந்து இறங்கி நின்றவர்



மாலை வேளையில் வெள்ளவத்தைக் கடற்கரையோரம் நீங்கள் நடந்திருப்பீர்கள். புகையிரதப் பாதைக்கும் அலைகளுக்கும் மேலாகச் சிறிய விமானமொன்று இரைந்துகொண்டு செல்வதையும் பார்த்திருப்பீர்கள். காலி வீதி வழியே தெற்கே சில மைல் தொலைவில் உள்ள இரத்மலானையில் விமானம் ஓட்டக் கற்பவர்களின் விமானமாக அது இருந்திருக்கலாம். அந்த நிலையத்தில் 1935ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் முதன்முதலாக வந்திறங்கிய விமானத்தை ஓட்டி வந்தவரும் ஓர் ஆசிரியரே. சென்னை விமானக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநராக இருந்தவர் அவர்.

ஆயினும், நம் குடும்பங்களுக்கு விமானம் என்றதும் வேறு நினைவுகளே முந்தி வருகின்றன. 1983 ஜூலையில் வீடிழந்து, அதே இரத்மலானை விமானக் கொட்டகையில் தஞ்சமிருந்தவர்கள் நம்மிடையே இன்னும் வாழ்கிறார்கள். கட்டுநாயக்காவில் மகனையோ மகளையோ வழியனுப்பிவிட்டு, வெறுமையான வாகனத்தில் மௌனமாக வீடு திரும்பியவர்கள் அதனினும் பலர். கொட்டாஞ்சேனையில் எத்தனை வீடுகளில் இன்று முதியவர் இருவர் மட்டும் அமர்ந்து செபமாலை சொல்கிறார்கள்! அவர்களுடைய மனத்தில் ஒரு கேள்வி ஓயாமல் எழுகிறது. பிள்ளையைப் பறக்க விட்டோம். நாம் கற்பித்த விசுவாசமும் அவனோடு பறந்ததா, அல்லது இந்த வீட்டிலேயே தங்கிவிட்டதா?

இக்கேள்வியோடு வாழும் உங்களுக்கு, பிறரைப் பறக்க வைப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட ஒரு பெண்மணியை இவ்வாரம் அறிமுகம் செய்ய விரும்புகிறேன். அவர் பெயர் எவலின் ஜோன்சன். ஐக்கிய அமெரிக்காவின் விமானிகள் அவரைத் தாய்ப் பறவை என்றே அன்போடு அழைத்தார்கள்.

அவர் கத்தோலிக்கர் அல்லர். பாப்திஸ்து சபையைச் சேர்ந்த விசுவாசி. பிரிந்திருக்கும் சகோதர சபையினரிடமும் தூய ஆவியார் தமது கொடைகளைப் பொழிகிறார் என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ஆம் ஆண்டில் வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய ஏட்டில் நன்றியோடு ஏற்றுக்கொண்டது. எனவே இந்த அன்னையிடம் நாம் கற்றுக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை.

எவலின் 1909ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் கென்டக்கி மாநிலத்தின் கோர்பின் என்னும் சிற்றூரில் பிறந்தார். கல்லூரிக் கல்வி கற்று, சில காலம் பாடசாலை ஆசிரியையாகப் பணியாற்றினார். திருமணத்தின் பின் கணவரோடு சேர்ந்து டென்னசி மாநிலத்தின் ஜெபர்சன் நகரில் ஒரு சலவை நிலையத்தை நடத்தினார். இரண்டாம் உலகப் போர் வந்தது. கணவர் படைச் சேவைக்குச் சென்றார். தொழில் முழுவதும் எவலினின் தோள்களில் விழுந்தது. உழைப்புக்குக் குறைவில்லை, ஆனால் தனிமை இருந்தது. அந்த நாள்களில்தான், விமானம் ஓட்டக் கற்றுத் தருவதாக நாளிதழில் வந்த ஒரு விளம்பரம் அவர் கண்ணில் பட்டது.

1944ஆம் ஆண்டு அக்டோபர் முதலாம் நாள் அவருடைய முதற் பாடம் நடந்தது. பயிற்சித் திடலுக்கு அவர் சென்ற வழியைக் கேளுங்கள். முதலில் புகையிரதம், அடுத்து பஸ், அதன் பின் கால்நடை. இறுதியில் ஆற்றைக் கடக்க ஒரு படகு. அந்தப் படகையும் அவரே துடுப்பு வலித்துச் செலுத்தினார். விண்ணில் ஏறுவதற்கு முன் நீரையும் நிலத்தையும் இவ்வாறு கடக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், தம் முப்பத்தைந்தாவது பிறந்த நாளுக்கு நான்கு நாள் கழித்து, ஆசிரியர் உடன் இல்லாமல் அவர் தனியே பறந்தார். 1947இல் தாமே பயிற்சி ஆசிரியையானார். விமானத்துறை பெரும்பாலும் ஆண்களின் உலகமாக இருந்த காலம் அது.

அவர் பறக்கக் கற்றது பைப்பர் கப் என்னும் சிறு விமானத்தில். அதில் ஒருவர் பின் ஒருவராக இரண்டே இருக்கைகள் உண்டு. இருவர் கையிலும் ஒவ்வொரு செலுத்துகோல் இருக்கும். ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். மாணவர் தடுமாறும்போது ஆசிரியர் தம் கோலைப் பற்றி நிலைமையைச் சீர்செய்வார். இப்படிச் சில காலம் பழகிய பின் ஒரு நாள் வரும். ஓடுபாதையோரத்தில் விமானத்தை நிறுத்தச் சொல்லி ஆசிரியர் இறங்கிக்கொள்வார். இனி மாணவர் தனியே எழும்ப வேண்டும். ஒருவரின் பாரம் குறைந்துவிட்டதால் விமானம் முன்னைவிட விரைவாக மேலெழும். முன்னால் வெறுமையான இருக்கை. கீழே புல்வெளியில் கையைப் பிசைந்தபடி அண்ணாந்து நிற்கும் ஆசிரியர். அந்த நேரத்தில் அவரால் செய்யக்கூடியது எதுவுமில்லை. செய்ய வேண்டியதையெல்லாம் அவர் முன்னரே செய்து முடித்திருக்க வேண்டும்.

அன்பு வாசகரே, எவலின் இப்படி எத்தனை முறை இறங்கி நின்றிருப்பார்! அவரிடம் கற்ற மாணவர்கள் ஏறத்தாழ 5,000 பேர் என மதிப்பிடப்படுகிறது. பிற்காலத்தில் அமெரிக்க செனட் சபையில் புகழ்பெற்ற ஹவார்ட் பேக்கரும் அவர்களுள் ஒருவர். எவலின் விமானத்தில் கழித்த நேரம் 57,635 மணி. நாள் கணக்கில் பார்த்தால் ஆறரை ஆண்டுகள் இரவு பகல் நிலத்தில் கால் பதியாமல் இருந்ததற்கு ஒப்பாகும். உலகில் வேறெந்தப் பெண்ணும் இத்தனை மணி நேரம் பறந்ததில்லை என்று கின்னஸ் நூல் பதிவுசெய்தது. அந்த மணிகளில் மிகப் பெரும்பகுதி பிறருக்குக் கற்பித்தும் பிறரைச் சோதித்தும் கழிந்தவை. தாமே பறந்து புகழ் தேடியதனால் அல்ல, பிறர் பறக்க உதவியதனாலேயே அந்தச் சாதனை அவரை வந்தடைந்தது.

அவர் கண்டிப்பு அறியாதவர் என்று எண்ணிவிடாதீர்கள். 1952ஆம் ஆண்டு முதல் அரசின் சார்பில் விமானிகளைத் தேர்வுசெய்யும் பரீட்சகராகவும் அவர் பணியாற்றினார். 9,000க்கு மேற்பட்ட தேர்வுகளை நடத்தினார். தகுதியில்லாத ஒருவருக்கு இரக்கப்பட்டுச் சான்று வழங்கினால், அவரோடு பயணம் செய்பவர்களும் சாவுக்கு ஆளாகலாம். இரண்டு முறை பறக்கும்போதே இயந்திரம் முற்றாக நின்றுபோன அனுபவம் எவலினுக்கு உண்டு. அவ்வேளைகளிலும் விமானத்தைப் பத்திரமாக இறக்கியவர் அவர். ஆகவே, பிள்ளையைப் போக விடுவது வேறு, கைவிடுவது வேறு என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

இங்கே நம்மை நாம் கேட்டுப் பார்ப்போம். உறுதிப்பூசுதல் பெற்ற மறுவாரமே பிள்ளையை மறைக்கல்வி வகுப்பிலிருந்து நிறுத்தி, தனியார் வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர் நம்மிடையே இல்லையா? கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆண்டுக்கணக்கில் பழக்கிய நாம், துன்பத்தில் செபிக்கவும், தனிமையில் தீமையை மறுக்கவும், தவறிய பின் ஒப்புரவை நாடவும் எத்தனை நாள் பழக்கினோம்? பழக்காமல் அனுப்பிவிட்டு, பின்னர் தொலைபேசி வழியாக இங்கிருந்தே செலுத்துகோலைப் பிடிக்க முயல்கிறோம். அவன் எந்த ஊரில் வேலை பார்ப்பது, யாரை மணப்பது, எந்த வீட்டை வாங்குவது என்று எல்லாவற்றிலும் நம் கை நீள்கிறது. பழக்க வேண்டிய காலத்தில் அசட்டையும், விலக வேண்டிய காலத்தில் பிடிவாதமும் இருந்தால் அந்த விமானம் எப்படிப் பறக்கும்?

எவலின் 1953இல் மொறிஸ்டவுன் என்னும் நகரின் சிறிய விமான நிலையத்துக்கு மேலாளரானார். அரை நூற்றாண்டுக்கு மேலாக அங்கேயே பணி செய்தார். 1958இல் அந்நிலையத்தில் ஒரு ஹெலிகொப்டர் மேலெழும்போது விழுந்து நொறுங்கியது. தீப்பிடிக்கும் ஆபத்து சூழ்ந்திருந்தது. எவலின் ஓடிச்சென்று, சிதைவுக்குள் கையை விட்டு இயந்திரத்தை நிறுத்தி, தீயணைக்கும் கருவியைப் பயன்படுத்தி, உள்ளே சிக்கியவரின் உயிரைக் காக்க உதவினார். அதற்காகக் கார்னகி வீரப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. நல்ல சமாரியர் உவமையை அவர் அன்று ஓடுபாதையில் வாழ்ந்து காட்டினார்.

துன்பமும் அவரை விட்டுவைக்கவில்லை. 1963இல் கணவர் இறந்தார். இரண்டு ஆண்டுகளின் பின் மறுமணம் செய்துகொண்டார்; அக்கணவரும் 1977இல் இறந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஆயினும் தாய் என்ற பெயர் அவருக்கே கிடைத்தது. முதுமையில் கண்ணழுத்த நோய் பார்வையைக் குறைத்ததால், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில் விமானம் ஓட்டுவதை நிறுத்தினார். கொட்டாஞ்சேனைப் பேராலயத்தின் பாதுகாவலியான புனித லூசியாளிடம் கண்ணொளிக்காக மன்றாடும் உங்களுக்கு, ஒரு விமானிக்குப் பார்வை மங்குவது எத்தகைய சிலுவை என்பது விளங்கும். 2006இல் நிகழ்ந்த வாகன விபத்தில் அவர் ஒரு காலையும் இழந்தார். அப்போது வயது 96. செயற்கைக் காலோடு நடக்கப் பழகி, மீண்டும் தமது விமான நிலையத்துக்கே வேலைக்கு வந்தார். 2007இல் அமெரிக்க தேசிய விமானப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 2012ஆம் ஆண்டு மே 10ஆம் நாள், 102ஆவது வயதில் இறைவனடி சேர்ந்தார்.

இணைச்சட்ட நூலில் மோசே இறைவனைக் கழுகுக்கு ஒப்பிட்டுப் பாடுவதை நீங்கள் அறிவீர்கள். கழுகு தன் கூட்டைக் கலைத்துக் குஞ்சுகளை வெளியே வரச் செய்கிறது. அவை தவிக்கும்போது சிறகை விரித்து ஏந்துகிறது. கூட்டிலேயே வைத்திருந்தால் குஞ்சு உயிர் வாழலாம், ஆனால் கழுகாகாது. நம் ஆண்டவரும் சீடர்களை மூன்று ஆண்டுகள் உடன் வைத்துப் பழக்கினார். பின்பு, தாம் போவதே அவர்களுக்கு நன்மை என்று உணர்த்தி விண்ணேறிச் சென்றார். ஒலிவ மலையில் அண்ணாந்து நின்ற சீடர்களுக்கு அது இழப்பாகத் தோன்றியிருக்கும். ஆனால் அவர் விட்டுச் சென்ற இடம் வெறுமையாகவில்லை. தூய ஆவியார் வந்தார். அதன் பின்னரே மீனவர்கள் திருத்தூதர்களாக உலகெங்கும் சென்றார்கள். அவர்களுள் ஒருவரான புனித தோமா இந்திய மண்ணுக்கே வந்தார் என்பது நம் முன்னோரின் மரபு.

பெற்றோரே, உங்கள் பிள்ளையின் விமானத்தில் நீங்கள் அமர்ந்திருந்த இருக்கை இன்று வெறுமையாய் இருக்கலாம். அங்கே இறைவன் அமரட்டும். நீங்கள் கீழே நின்று செய்ய வேண்டிய பணி ஒன்று இன்னும் உண்டு, அது செபம். விமானிகளுக்குப் பாதுகாவலியாக லொரேட்டோ அன்னையைத் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் 1920ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் அறிவித்தார். அந்த அன்னையும் தம் மகனைப் பணிக்கு அனுப்பிவிட்டு நாசரேத்து வீட்டில் தனித்திருந்தவரே.

சிறு பிள்ளைகள் இன்னும் உங்கள் வீட்டில் இருந்தால், இன்றிரவே அவர்களோடு முழந்தாளிடுங்கள். அவர்கள் வாயாலேயே செபிக்க விடுங்கள். தடுமாறினால் மட்டும் உதவுங்கள். பிள்ளைகள் தொலைவில் இருந்தால், அடுத்த முறை கடற்கரைக்கு மேலே ஒரு விமானம் செல்லும்போது அவர்களின் பெயரை மெல்லச் சொல்லி, சிலுவை அடையாளம் வரைந்து, ஆண்டவரிடம் ஒப்படையுங்கள்.

செபிப்போம்: சிறகுகளைப் படைத்த இறைவா, எங்கள் பிள்ளைகளைப் பழக்கும் பொறுமையையும், ஏற்ற வேளையில் விலகி நிற்கும் துணிவையும் எங்களுக்குத் தாரும். நாங்கள் காண முடியாத தொலைவில் அவர்கள் பறக்கும்போது, அவர்களோடு நீர் இரும். ஆமென்.