நெல்லைக்கு வந்த மீனாம்பாள்

கோவில்பட்டி ஆக்கிக்குப் பெயர்போன ஊர். ஆனால் நம் தெருக்களில் ஒரு பெண்பிள்ளைகள் குழு, அது விளையாட்டுக் குழுவோ மாதர் சங்கமோ, எப்படி உருவாகிறது என்பது நமக்குத் தெரியும். யாரோ ஒரு அக்கா வீடு வீடாகப் போய்த் தகப்பன்மாரிடம் பேசுவார். தீப்பெட்டி ஒட்டிய கூலியில் பத்து, இருபது என்று சேர்த்துப் பந்து வாங்குவார். பொதுத்திடலில் இடம் கேட்டுச் சண்டை போடுவதும் அவர்தான். குழு நிலைத்துவிடும், அக்காவின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. நாம் கட்டிய பெரிய அமைப்புகளின் கதையும் ஏறக்குறைய இதுதான். அன்னை மீனாம்பாள் சிவராஜை நாம் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறோம்?

1904 டிசம்பர் 26 அன்று பர்மாவின் ரங்கூனில் பிறந்தவர். தாத்தா மதுரைப்பிள்ளை அங்கே பெரிய வணிகர், கொடையாளர். தந்தை வாசுதேவப்பிள்ளை சென்னை மாநகராட்சியிலும் மாகாணச் சட்டசபையிலும் ஆதிதிராவிடர் குரலாக இருந்தவர். நம் கரிசல் பாட்டன்கள் பஞ்சம் பிழைக்கக் கண்டிச் சீமைக்குப் போனது ஒரு கதை. கடல் கடந்து போய் வணிகத்தில் நிமிர்ந்த இந்தக் குடும்பத்தின் கதை வேறு. மீனாம்பாள் வசதியான வீட்டுப் பெண் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த வசதியை அவர் எதற்குச் செலவிட்டார் என்பதுதான் நமக்கு முக்கியம்.

வழக்கறிஞர் ந. சிவராஜை மணந்து சென்னைக்கு வந்த அவர், 1928இல் சைமன் குழு வந்தபோது பொதுமேடை ஏறினார். இந்தியர் ஒருவர்கூட இல்லாத குழு என்று காங்கிரஸ் அதைப் புறக்கணித்தது. ஒடுக்கப்பட்டோர் தம் குறையை அரசிடம் நேரில் சொல்ல ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கிறது, அதை விடக்கூடாது என்று கருதியவர்கள் பக்கம் மீனாம்பாள் நின்றார். ஊரே கறுப்புக்கொடி பிடித்த நேரத்தில் இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத பெண் எதிர்ப்பக்கம் நின்று பேசியது எளிய காரியமா? அவரைத் தேசத்துரோகி என்று இன்றும் முணுமுணுப்போர், கிணற்றுக்கும் தெருவுக்கும் உரிமை இல்லாதவனுக்கு அன்று தேசம் என்ன கொடுத்தது என்பதையும் சொல்லட்டும்.

நமக்கு நெருக்கமான நாள் 1937 ஜனவரி 31. அன்று திருநெல்வேலி மாவட்ட ஆதிதிராவிடர் மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். தூத்துக்குடி மாவட்டம் 1986இல்தான் பிரிந்தது. அன்று கோவில்பட்டியும் எட்டயபுரமும் விளாத்திகுளமும் நெல்லை மாவட்டம்தான். ஆக, அது நம் மாநாடு. அந்த நாளின் கனத்தையும் பார்க்க வேண்டும். 1932 பூனா ஒப்பந்தத்தின்படி சென்னை மாகாணத்தில் நமக்கு 30 தனித்தொகுதிகள் ஒதுக்கப்பட்டிருந்தன. அந்த இடங்களுக்கான முதல் தேர்தல் அடுத்த மாதமே வரவிருந்தது. நம் பெயரில் யார் சட்டசபைக்குப் போவார், யாருக்குக் கட்டுப்பட்டுப் பேசுவார் என்ற கேள்வி நடுவில் நின்ற நேரம். அப்போது மீனாம்பாள் வலியுறுத்தியது ஒற்றுமையை. கல்வியில்லாதவர், சுத்தமில்லாதவர் என்று நம்மீது சுமத்தப்பட்ட பழிகளுக்கும் அவர் பதில் சொன்னார். தை மாதம் கரிசலில் கம்பும் சோளமும் அறுக்கும் காலம். கூலியை விட்டால் அடுப்பு எரியாது. அந்த நாளில் மாவட்ட மாநாட்டின் தலைமை நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்தார் என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அடுத்த ஆண்டு இந்தி எதிர்ப்புக் களத்தில் இருந்தார். 1938 நவம்பர் 13இல் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டில்தான் ஈ.வெ.ரா.வுக்குப் பெரியார் என்ற பட்டம் வழங்கப்பட்டது. அந்த மாநாட்டை நடத்திய பெண்களில் மீனாம்பாளும் ஒருவர். பட்டம் ஊரறியும், கொடுத்தவர்களின் பெயரைக் கேட்டால் நம் தோழர்களே தடுமாறுகிறார்கள்.

1942இல் நாக்பூரில் அகில இந்தியப் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு உருவானபோது சிவராஜ் தலைவரானார். கணவர் தலைவர் என்பதால் மனைவிக்கு மேடை கிடைத்தது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே அவர் தனியே மேடை ஏறிவிட்டார். 1944 செப்டம்பரில் அம்பேத்கர் சென்னை வந்தபோது 23ஆம் தேதி நடந்த பெண்கள் மாநாட்டுக்கு மீனாம்பாள் தலைமை. 1945 மே 6 அன்று பம்பாயில் கூட்டமைப்பின் அகில இந்தியப் பெண்கள் மாநாட்டுக்கும் அவரே தலைமை. அம்பேத்கர் அவரைத் தங்கையாகவே நடத்தினார் என்று மூத்தவர்கள் சொல்வார்கள்.

மாநகராட்சி உறுப்பினர், சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிமன்ற உறுப்பினர், கௌரவ நீதிபதி என்று பல பொறுப்புகள் வகித்தார். சிவராஜ் 1964இல் மறைந்த பின் இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்து 1992 நவம்பர் 30 அன்று மறைந்தார்.

நம் பக்கத்துச் சேரிகளில் அம்பேத்கர் மன்றம் இல்லாத ஊர் குறைவு. பெண்பிள்ளைகளின் கபடிக் குழு, மாதர் குழு, மாலைநேரப் படிப்பகம் என்று புதிதாகத் தொடங்குவோர் பெயர் தேடி நம்மிடம் கேட்கிறார்கள். மீனாம்பாள் என்று வையுங்கள் என்கிறோம். டிசம்பர் 26க்குள் பெயர்ப்பலகை எழுதி மாட்டிவிட்டால், அக்குழுவைக் கட்டிய அக்காவின் பெயரையும் அதன் கீழே எழுதிவிடுங்கள்.